குடிமாறும் பட்டியலில் கைவைக்காதீர்கள்

பள்ளி விடுமுறையில் இப்படி ஒரு வேலை உங்களில் சிலருக்கு வந்திருக்கும். தாத்தாவோ பெரியப்பாவோ தூசு படிந்த ஒரு பழைய கணினியைக் காட்டி, "கண்ணு, என்னோட பாட்டுப் பட்டியல் முழுக்க இதுலதான் இருக்கு. இது எப்ப நின்னு போகும்னு தெரியல. புதுசுக்கு மாத்திக் குடு" என்பார். படிவம் நான்கில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவர் வேறு யாரைக் கேட்பார்? நீங்களும் ஒரு பிற்பகல் வேலைதானே என்று உட்காருவீர்கள்.

அந்தப் பிற்பகலில் என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பட்டியலை ஒரு தரவுத்தள மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது அதைத் திருத்தாதீர்கள், சுருக்காதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். உள்ளதை உள்ளபடி கொண்டுபோங்கள். திருத்தம் பிறகு, தனி வேலையாக இருக்கட்டும். தரவைச் சீர்படுத்த வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது, அது சரிதான். ஆனால் வீடு மாறுகிற அன்றைக்கே பழைய காகிதங்களைக் கிழித்துப் போடுகிறவர் வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்துக் கிழித்துவிடுவார்.

பேராக்கில் இது சின்ன விஷயமில்லை. ஈப்போவைச் சுற்றி, சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தெலுக் இந்தான் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள். அவற்றில் பல துண்டாடி விற்கப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. சில இன்று தாமான்களாக நிற்கின்றன. லயங்களில் இருந்த குடும்பங்கள் புந்தோங்குக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரிந்து போயின. அப்படிப் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துப் போக முடியாது. அரக்கில் செய்த கிராமபோன் தட்டு கனமானது. கை தவறினால் பீங்கான் போல உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாட்டு. கேட்கும் பெட்டியும் பழுதாகிவிட்ட பிறகு அதை யார் சுமப்பார்கள்? "அவருக்குத்தான் பாட்டுன்னா உயிர், அவர்கிட்டக் குடுத்துடு" என்று பாட்டுப் பைத்தியமான ஒருவர் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு பழைய ஒலிநாடாக்களும் அப்படியே வந்து சேர்ந்தன. ஆகவே ஒரு தாத்தாவின் சேகரிப்பு என்று நாம் சொல்வது பல வீடுகளின், பல தோட்டங்களின் சேகரிப்பாக இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்பது தட்டில் எழுதியிருக்காது. அவருடைய பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

பட்டியலின் ஒரு வரியில் என்ன இருக்கும் என்று பாருங்கள். தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்திலிருந்து நிறுவனத்தின் பெயர், தட்டு எண், பாடியவர், படத்தின் பெயர். அந்தக் காகிதத்துக்கு வெளியே, பாட்டு முடிகிற வளையத்தில், அரக்கிலேயே பதிந்த இன்னோர் எண் உண்டு. அது அச்சு எண்: எந்த ஒலிப்பதிவிலிருந்து இந்தப் பக்கம் வார்க்கப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. காகிதம் கிழியும், சமயத்தில் மாற்றியும் ஒட்டப்பட்டிருக்கும். அரக்கில் பதிந்தது மாறாது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை. அதில் "கீறல்", "இரண்டாம் பக்கம் தேவலை", "தெலுக் ஆன்சன் கடை", "கிராணி வீடு" என்று மனம் போனபடி எழுதியிருப்பார்.

பார்ப்பதற்குக் குப்பையாகத் தெரிவது இந்தக் கடைசி நெடுவரிசைதான். ஒரே வடிவில் இல்லை, பாதிக் கட்டங்கள் காலி, எழுத்துப் பிழை வேறு. புதிய மென்பொருளில் அதற்கு இடமும் இருக்காது. எனவே முதலில் வெட்டுப்படுவது அதுதான். என் கருத்து நேர் எதிரானது: மற்ற எல்லாம் போனாலும் அதுதான் போகக்கூடாது. பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் தொலைந்தால் வேறு வழியில் மீட்கலாம். அதே தட்டு வேறொரு ஊரில் வேறொருவரிடம் இருக்கும். பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பெனி 1899 முதல் 1908 வரை செய்த இந்திய ஒலிப்பதிவுகளைத் தேடித் தொகுத்துப் புத்தகமே போட்டிருக்கிறார். ஆனால் "இந்தத் தட்டு இன்ன தோட்டத்துக் கிராணி வீட்டில் இருந்தது" என்ற செய்தி உலகில் ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தை அழித்தால் கின்னியராலும் அதை மீட்க முடியாது.

'தெலுக் ஆன்சன்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குத் தெலுக் இந்தான் என்ற பெயர் 1982இல் வந்தது. கெட்டிக்காரப் பேரப்பிள்ளை ஒருவர் பட்டியல் முழுவதும் 'ஆன்சன்' என்று இருப்பதை 'இந்தான்' என்று ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். அரை வினாடி வேலை. ஆனால் அந்தப் பழைய பெயர் ஒரு துப்பு. அந்தத் தட்டு பெரும்பாலும் 1982க்கு முன்னால் கைமாறியிருக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தட்டின் உறையில் ஈப்போ கடை ஒன்றின் முத்திரை 'பெல்ஃபீல்டு ஸ்ட்ரீட்' என்றோ 'ஹியூ லோ ஸ்ட்ரீட்' என்றோ முகவரி காட்டினாலும் இதே கதைதான். இன்றைக்கு அவை ஜாலான் சுல்தான் யூசோப், ஜாலான் சுல்தான் இஸ்கண்டார். வரைபடத்தில் கடையைத் தேடுவதற்கு இன்றைய பெயர் வேண்டும், உண்மைதான். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை திறந்துகொள்ளுங்கள். பழைய பெயர் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமானில் இருந்த பெரியவருக்கு நானே ஒருமுறை பட்டியலை மாற்றிக் கொடுத்தேன். அதில் ஒரு நெடுவரிசை முழுக்க ஓரெழுத்துகள்: 'கோ', 'கி', 'வீ'. தலைப்பு எதுவும் இல்லை. தேவையற்றது என்று நானாகவே முடிவுசெய்து விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து அவர் திரையைப் பார்த்து, "கோ, கி எல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டார். 'கோ' என்றால் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியவரிடமிருந்து வாங்கியது, 'கி' கிராணி வீட்டுத் தட்டு, 'வீ' அவருடைய சொந்த வீட்டுத் தட்டு. பழைய கணினி அதற்குள் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அவரிடம் ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் இருந்ததால் கொஞ்சம் மீண்டது. எல்லாம் மீளவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தமிழ்ப் பட்டியல் என்றால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. எழுத்தே உருமாறிப் போகும். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தத்துக்குக் குறியேற்றம் என்று பெயர். இன்று உலகம் முழுவதும் யூனிகோட் என்ற ஒரே ஒப்பந்தம். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம், 'க' என்றால் 2965. யூனிகோடில் தமிழ் 1991இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் ஆளுக்கொரு ஒப்பந்தம் நடந்தது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள் இங்கே பலருக்குக் கணினியில் தமிழைக் காட்டியது. பிறகு திஸ்கி வந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. இலங்கைத் தமிழர்களிடையே பாமினி எழுத்துரு பரவியிருந்தது. உங்கள் தாத்தாவின் பட்டியல் இவற்றில் எதில் தட்டச்சானது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பாமினியை எடுத்துக்கொள்வோம், வேடிக்கையாக இருக்கும். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று நீங்கள் பார்ப்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஆம், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது ஆங்கில அரைப்புள்ளிதான். அதைவிட மோசம், 'இ' என்ற எழுத்தின் இடம் ஆங்கிலக் காற்புள்ளியின் இடம்.

இதில் என்ன ஆபத்து? ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுபோக எல்லாரும் பயன்படுத்தும் கோப்பு வகை சிஎஸ்வி. அதில் ஒரு கட்டம் எங்கே முடிகிறது என்பதைக் காற்புள்ளிதான் காட்டும். கட்டங்களை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் பாமினிப் பட்டியலை அப்படி ஏற்றுமதி செய்தால், 'இளையராஜா' வருகிற ஒவ்வொரு வரியும் அவர் பெயரின் முதலெழுத்திலேயே இரண்டாக உடையும். முதல் கட்டம் காலி, அடுத்த கட்டத்தில் 'ளையராஜா', அதற்குப் பின் உள்ளவை எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போகும். படத்தின் பெயர் ஆண்டுக்குரிய இடத்தில் நிற்கும். காற்புள்ளிக்குப் பதிலாகத் தாவல் குறியைப் பிரிப்பானாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

திஸ்கியிலும் பாமினியிலும் இன்னொரு குணம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் அவை சேமிக்கும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது அல்லவா, கோப்பிலும் முதலில் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடில் ஒலியின் வரிசை: முதலில் 'க', பிறகு கொம்பு. 'கொ' என்பது பழைய முறையில் கொம்பு, 'க', கால் என்று மூன்று துண்டு. அதை 'க' என்ற எழுத்தும் ஒகரக் குறி ஒன்றுமாகச் சேர்க்க வேண்டும். எனவே எழுத்துக்கு எழுத்து தேடி மாற்றினால் கொம்புகள் எல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் ஏறும். மூன்று துண்டு வருகிற இடங்களை முதலில் மாற்றி, பிறகு இரண்டு துண்டு, கடைசியில் ஒற்றை எழுத்து என்று போக வேண்டும். இதற்கென எழுதப்பட்ட மாற்றிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் மாற்றிய பின் ஐம்பது வரியையாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஈடான சோதனைக் கருவி இந்த வேலைக்கு இன்னும் வரவில்லை.

நீளமும் மாறும். பழைய முறைகளில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். யூனிகோடைப் பொதுவாக எழுதிவைக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, மொத்தம் 15 பைட். சில மென்பொருள்கள் கட்டத்தின் அகலத்தைப் பைட் கணக்கில் வைக்கும். பழைய பட்டியலில் பாடகர் பெயருக்கு முப்பது என்று இருந்ததால் புதியதிலும் முப்பது என்று போட்டுவிட்டால், பத்துக் குறியோடு பெயர் அறுந்துவிடும். பல சமயம் எச்சரிக்கையும் வராது. சௌந்தரராஜன் பாதியில் நின்றால் நமக்குப் புரியும். குறிப்பு நெடுவரிசையில் ஒரு தோட்டத்தின் பெயர் பாதியில் நின்றால்? ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழர் வாயில் வேறு பெயர் இருந்த நாடு இது. மிச்சப் பாதியை ஊகித்து எழுத முடியாது.

அகரவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. யூனிகோட் எண் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, 'ள' என்பது 'ழ'வுக்கு முன்னால். அதனால் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மென்பொருளில் 'மனம்' என்பது 'மரம்' என்பதற்கு முன்னும் 'பள்ளி' என்பது 'பழனி'க்கு முன்னும் வரும். பயந்துவிடாதீர்கள், தரவு கெடவில்லை. அடுக்குமுறையைத் தமிழுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து எக்செல். பழைய மென்பொருளுக்கும் புதியதற்கும் நடுவே எல்லாரும் ஒருமுறை எக்செலில் திறந்து பார்ப்பார்கள். அது அளவுக்கு மீறி உதவி செய்கிற ஆள். தட்டு எண் 00457 என்றிருந்தால் முன்னால் உள்ள பூச்சியங்களைத் துடைத்து 457 ஆக்கும். அலமாரி எண் 1-12 என்றிருந்தால் டிசம்பர் முதல் தேதி என்று நினைத்துக்கொள்ளும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய தேதிகளிலும் கவனம் தேவை. 28 என்பதை 2028 என்று எடுத்துக்கொள்கிற மென்பொருள்கள் உண்டு, கிட்டப்பா காலத்துத் தட்டு வருங்காலத்துக்குப் போய்விடும். விஞ்ஞானிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். செப்ட்1, மார்ச்1 என்பன போன்ற சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் அனைத்துலகக் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் கோவிட் தொற்றுக் கணக்கைப் பழைய எக்செல் கோப்பு வகையில் கொண்டுபோனார்கள். அந்த வகையில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. அவர்களுடன் பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமானது. கோப்பு நிறைந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. எக்செலில் திறந்தே ஆக வேண்டுமென்றால் எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள். பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடுங்கள்.

இதுவரை சொன்னவை விபத்துகள். இனி வருவது நாமே நல்ல எண்ணத்தோடு செய்கிற சேதம்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் முன்வைத்த கருத்தின்மேல்தான் இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் நிற்கின்றன. ஒரு கட்டத்தில் ஒரு செய்தி. பாடகர்களுக்கு ஓர் அட்டவணை, பாட்டுகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்க மூன்றாவது ஒன்று. நீங்கள் படிக்கும் பாடமும் அதுதான். பழைய பட்டியலில் "டி.எம்.எஸ்., சுசிலா" என்று ஒரே கட்டத்தில் இருப்பதைப் பிரித்தால்தான் பி.சுசீலா பாடியவை எத்தனை என்று எண்ண முடியும். பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிக்கும் கணத்தில் நீங்கள் பல முடிவுகளை எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்பது ஒருவரா, இருவரா? 1965 வரை அவர்கள் இணைந்து இசையமைத்தார்கள். பிறகு பிரிந்து தனித்தனியே இசையமைத்தார்கள். பட்டியலில் வெறும் 'எம்.எஸ்.வி.' என்று இருந்தால் அது பிரிந்த பிறகு வந்த படமா, அல்லது தாத்தா சோம்பலில் ஒரு பெயரை விட்டுவிட்டாரா? வரியைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது, தட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் அவர் எழுதியது எழுதியபடியே ஒரு நெடுவரிசையில் நிற்கட்டும், உங்கள் பிரிப்பு வேறு அட்டவணையில் இருக்கட்டும் என்கிறேன். நாளைக்கு உங்கள் முடிவு தவறு என்று தெரிந்தால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும்.

இரட்டை வரிகளை நீக்குகிறேன் என்று இறங்குவதும் இப்படித்தான். 'ஆயிரத்தில் ஒருவன்' என்று 1965இல் ஒரு படம், 2010இல் வேறொரு படம். பெயர் ஒன்று என்பதால் ஒன்றை அழிக்கலாமா? ஒரே தட்டு இரண்டு பிரதி இருந்தால்கூட அழிக்கக்கூடாது. ஒன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் மற்றொன்று கம்பாரிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டு ஊர்களில் ஒரே பாட்டை வாங்கிக் கேட்டிருக்கிறார்கள் என்பதே ஒரு செய்திதான்.

எண்களையும் தொடாதீர்கள். புதிய மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தானாக ஓர் எண் போடும், 1, 2, 3 என்று இடைவெளி இல்லாமல். தாத்தாவின் எண்களில் 212க்கு அடுத்து 215 இருக்கும். ஓட்டை என்று நினைத்து அடைக்கத் தோன்றும். ஆனால் அவருடைய எண் தட்டின் உறையில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. பட்டியலில் எண்ணை மாற்றினால் ஆயிரக்கணக்கான உறைகளையும் மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் பட்டியலுக்கும் அலமாரிக்கும் உறவு அறுந்துபோகும். 213உம் 214உம் உடைந்த தட்டுகளாக இருக்கலாம், யாரோ கேட்டு வாங்கிப் போய்த் திருப்பாதவையாகவும் இருக்கலாம். மென்பொருளின் எண்ணை மென்பொருள் வைத்துக்கொள்ளட்டும்.

"குப்பையையும் சேர்த்துச் சுமந்தால் பிழைகள் பெருகிக்கொண்டேதானே போகும்?" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. திருத்தாமலே விட்டுவிட்டால் பெருகும்தான். பாதிப் பட்டியலில் 'பாகவதர்', மீதியில் 'எம்.கே.டி.' என்று இருந்தால் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். நான் வேண்டாம் என்பது திருத்தத்தை அல்ல, இடமாற்றத்தையும் திருத்தத்தையும் ஒரே நாளில் கலப்பதை. கலந்துவிட்டால், பிறகு ஒரு வரி தவறாகத் தெரியும்போது அது பழைய பிழையா, எழுத்து மாற்றியதில் வந்ததா, உங்கள் கை பட்டதா என்று பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று சொல்லித்தருகிறார்களே, அதே விதிதான். முதலில் மாற்றுங்கள். வரிகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் நிரம்பிய கட்டங்கள் எத்தனை என்று இரண்டு பக்கமும் எண்ணுங்கள். குறிப்பு நெடுவரிசையில் ஒன்று குறைந்தாலும் நின்று தேடுங்கள். பிறகு அலமாரியிலிருந்து இருபது தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பட்டியலில் தேடுங்கள், பட்டியலிலிருந்து இருபது வரியை எடுத்து அலமாரியில் தேடுங்கள். இவை எல்லாம் ஒத்துவந்த பிறகு திருத்தத் தொடங்குங்கள். பழைய கோப்பை ஒரு பென்டிரைவிலும் இன்னோர் இடத்திலும் அப்படியே வைத்திருங்கள்.

எந்த மென்பொருளுக்கு மாற்றுவது என்று கேட்பீர்கள். அழகான திரை, தட்டின் படம் தானாக வருவது, இதெல்லாம் இரண்டாம் பட்சம். உள்ளே போனதை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இப்போது நீங்கள் செய்கிற வேலையை இன்னும் பதினைந்து ஆண்டில் யாராவது மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் பல அலுவலகங்கள் நம்பியிருந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் 2015இல் ஆதரவை நிறுத்தியது. இசைப் பட்டியல் உலகிலேயே ஒரு கசப்பான கதை உண்டு. 1990களில் சிடிடிபி என்ற பட்டியலுக்கு உலகெங்கும் உள்ள இசைப் பிரியர்கள் தங்கள் குறுந்தட்டுகளின் பாட்டு விவரங்களைக் கூலியில்லாமல் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். பிறகு அது கிரேஸ்நோட் என்ற நிறுவனத்தின் சொத்தானது. உழைத்தவர்களுக்குக் கோபம். ஃப்ரீடிபி என்று ஒரு மாற்றுப் பட்டியல் வந்தது. அதுவும் 2020இல் மூடப்பட்டது. அதே காலத்தில் ராபர்ட் கேய் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் இன்றும் நடக்கிறது. அதன் தரவை யார் வேண்டுமானாலும் முழுதாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டுப் பட்டியலுக்கு எஸ்கியூலைட் போதும். இலவசம், ஒரே கோப்பு; நெடுங்காலம் காக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பரிந்துரைத்திருக்கிறது. கூடவே யூடிஎஃப்-8இல் ஒரு வெறும் உரைக் கோப்பு. மென்பொருள் எதுவும் இல்லாவிட்டாலும் அதைப் படிக்கலாம்.

கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பட்டியலின் சொந்தக்காரரோடு உட்காருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு நெடுவரிசையாகக் காட்டி, "தாத்தா, இது என்ன?" என்று கேளுங்கள். 'கீ' என்றால் கீறலா, கீழ்த் தட்டா? இந்தக் கேள்விக்குறி யார் போட்டது? காலியாக இருந்தால் தெரியாது என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? 'ரா. கொடுத்தது' என்று நாற்பது வரியில் இருக்கிறதே, யார் அந்த 'ரா.'? அவர் பதில் சொல்லத் தொடங்கினால் பட்டியலை விட்டு எங்கெங்கோ போவார்; பெரட்டு, வெட்டுமரம், திருவிழாவில் அறுந்த ஒலிபெருக்கிக் கம்பி என்று. பதிவை நிறுத்தாதீர்கள். 'ரா.' யார் என்பது அதில் எங்காவது வரும்.